பண்ணை வாசலில் ஒரு லேப் பாடம்

சேலத்திலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். புது பஸ் ஸ்டாண்டுல ஏறி ஜன்னல் சீட்டைப் பிடிங்க. லேபில் வேலை பார்க்கிற மாணவரா நீங்க? அப்போ தூங்காம வாங்க. ரெக்கார்டு நோட்டில் எழுதாத ரெண்டு பாடம் இந்த ரோட்டோரத்திலேயே இருக்கு.

முதல் பாடம், பழைய இரும்புக் கடை. சேலம் இரும்பாலை ஊராச்சே, இந்தக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே குவிஞ்சு கிடக்கிற மெஷின் எங்கிருந்து வந்தது, உள்ளே என்ன இருக்குன்னு அதை உடைக்கிற தொழிலாளிக்குத் தெரியாது. 2010-ல் டெல்லி மாயாபுரியில் இதுதான் நடந்தது. 1985-க்குப் பிறகு பயன்படுத்தாமல் கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்றை, டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை அந்த ஆண்டு பிப்ரவரியில் ஏலம் விட்டது. உள்ளே கோபால்ட்-60! கடையில் பிரித்தார்கள். கதிர்வீச்சு பட்டுப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஏப்ரலில் ஒருவர் இறந்தே போனார். தப்பு நடந்தது லேபில்; உயிர் போனது கடைத் தொழிலாளிக்கு.

மல்லூர், ஆண்டகளூர் கேட் தாண்டி புதுச்சத்திரம் பக்கம் வந்தா நீள நீளமா கோழிக் கொட்டகைகள். ரெண்டாவது பாடம் இங்கேதான். பண்ணைக்குள்ள சும்மா நுழைஞ்சிட முடியாது. தீவன லாரின்னா டயர் மருந்துத் தண்ணியில முங்கணும். ஆள்னா கால் நனைக்கணும். செருப்பு, டயர், முட்டை அட்டை எதில் வேணும்னாலும் நோய் தொத்திக்கிட்டு வரும். 2006-ல் மகாராஷ்டிராவின் நவாபூரில் பறவைக் காய்ச்சல் வந்ததுக்கு, நாமக்கல்லில் முட்டை விலை சரிந்தது. அந்த அடியை இந்த ஊர் மறக்கல.

நாமக்கல் வந்தாச்சு. இங்கே 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. செத்த கோழியை அறுத்து, என்ன நோய்னு பார்க்கிற இடம். பண்ணை விதியை அப்படியே திருப்பிப் போட்டா லேப் விதி. பண்ணைக்குள்ள எதுவும் வரக்கூடாது. லேபிலிருந்து எதுவும் வெளியே போகக்கூடாது. 1978-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், பெரியம்மை லேபுக்கு மேல்மாடியில் வேலை பார்த்த புகைப்படக் கலைஞர் ஜேனட் பார்க்கர் அந்த நோயால் இறந்தார். உலகில் பெரியம்மைக்குப் பலியான கடைசி நபர் அவர்தான்.

அதனால மக்களே, லேப் கோட்டோட கேன்டீனுக்குப் போகாதீங்க. கிளவுஸ் போட்ட கையால செல்போனைத் தொடாதீங்க. தண்ணி பாட்டில்ல ஆசிட் ஊத்தி வைக்காதீங்க. பழைய கருவியைக் கழிச்சுக்கட்டும்போது, "உள்ளே என்ன சார் இருக்கு?"ன்னு வாய்விட்டுக் கேளுங்க.

கேட்கக் கூச்சமா இருக்கா? பண்ணை வாசல் வாட்ச்மேனை நினைச்சுக்குங்க. முதலாளி கார்னாலும் டயர் நனையாம உள்ள விடக்கூடாது. அதுதான் அவர் வேலை!