நாலணா அளவுக்கு முட்டை

நாமக்கல் மாவட்டம் மோகனூர் பக்கம் வாய்க்கால் பாசனம் உள்ள ஊர்களில் நாற்று விடுவதற்கு முன் விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். அந்த வேலையைப் பார்க்கத்தான் போயிருந்தேன். தளவாடம் என்றால் ஒரு பிளாஸ்டிக் வாளி, பத்து லிட்டர் தண்ணீர், கல் உப்பு, ஒரு கோழி முட்டை, அவ்வளவே. முட்டை முதலில் அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. உப்பைப் பிடிபிடியாகப் போட்டுக் கரைக்கக் கரைக்க அகன்ற முனையைத் தூக்கி நிற்கிறது, பிறகு மெல்ல மேலே வருகிறது. தலை நாலணா அகலத்துக்கு வெளியே தெரிந்ததும் முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டுகிறார்கள். மிதப்பதை அரித்து ஒதுக்கிவிட்டால் மூழ்கியது விதை. நாலணா என்கிற 25 காசு 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டது. விதைநேர்த்திக்காரர் பேச்சில் மட்டும் இன்னும் செலாவணியில் இருக்கிறது. இதைக் குத்துமதிப்பு வேலை என்று சொல்கிறவர்களுக்கும், வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறவர்களுக்கும் ஒரே இடத்தில்தான் கணக்கு தவறுகிறது என்று நினைக்கிறேன். இங்கே அளவுகோல் காசு இல்லை, முட்டை.

பத்து லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிலோ உப்பு கரைந்தால் மொத்தம் பதினொன்றரை கிலோ. ஆனால் வாளியில் மட்டம் அரை லிட்டர் அளவுக்குத்தான் ஏறும். அதே இடத்துக்குள் கூடுதல் எடை அடைந்துகொள்வதால் ஒரு லிட்டர் சுமார் 1.09 கிலோ ஆகிவிடுகிறது. அன்று இட்ட முட்டையும் தன் பருமனுக்கு ஏறக்குறைய அதே எடைதான். அதனால்தான் அந்த இடத்தில் மிதக்கிறது. காசளவு வெளியே தெரியும் பகுதி, மொத்த முட்டையில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆகவே நாலணாவா எட்டணாவா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பதால் பெரிதாக ஒன்றும் மாறிவிடப்போவதில்லை. முட்டையின் வயது மாறினால் எல்லாமே மாறும். ஓட்டிலுள்ள நுண்துளைகள் வழியே ஈரம் போய்க்கொண்டே இருக்கிறது. பருமன் அப்படியே நிற்க எடை மட்டும் குறைகிறது. 60 கிராம் முட்டை 2 கிராம் இழந்தாலே 1.09 என்பது 1.05-ஐ ஒட்டி இறங்கிவிடும். அந்த முட்டை ஒரு கிலோவுக்கும் குறைந்த உப்பிலேயே தலைகாட்டும். அரைகுறையாக முற்றிய கருக்காயில் ஒரு பகுதி விதையோடு விதையாக அடியில் தங்கிவிடும். நாமக்கல்காரருக்கு இதில் ஒரு வசதி. பக்கத்துப் பண்ணையில் காலையில் உருண்டு வந்த முட்டை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. இதே முறையை வேறு ஊரில் கடை முட்டையை வைத்துச் செய்தால் அதே பலன் வரும் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் உப்பை நிறுத்துப் போட்டுவிட்டு முட்டையை விட்டுவிடலாமே என்று கேட்கலாம். கல் உப்பு மழைக்காலத்தில் ஈரம் கோத்து எடை காட்டும். வாளியில் பத்து லிட்டர் என்பதும் கண்ணளவுதான். முட்டை இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பதில் சொல்லிவிடும். வெறும் தண்ணீரே போதாதா என்பது இன்னொரு கேள்வி. பதர் அதிலேயே மிதந்துவிடும், உண்மைதான். அரைகுறையாகப் பால் பிடித்த கருக்காய் மிதக்காது. அதைப் பிரிக்கத்தான் உப்பு. 1880-களில் ஜப்பானின் ஃபுகுவோகாவில் யோகோய் தோகியோஷி உப்புநீர்த் தேர்வை வகுத்ததும் இதற்காகத்தான். சேலம் சேகோ ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கைத் தண்ணீருக்குள் நிறுத்து மாவுச்சத்துக்குப் 'பாயிண்ட்' போடுவதும் இந்தக் கணக்கின் பங்காளிதான். அங்கே அது விலையைத் தீர்மானிப்பதால் சண்டையும் உண்டு.

கனமான நெல்லெல்லாம் முளைக்குமா என்றால், இல்லை. பழசாகிச் செத்த விதையும் கனமாகவே இருக்கும், சமர்த்தாக மூழ்கும். முளைப்புத் திறனைத் தனியாகச் சோதித்தே ஆக வேண்டும். சான்று விதை வாங்குகிறவருக்கு இந்த வாளியால் லாபமும் குறைவு. சொந்த நெல்லை எடுத்து வைத்து விதைப்பவருக்கும், பாரம்பரிய ரகம் போடுபவருக்கும்தான் இது கைகொடுக்கும். அதிலும் மீசை நெல் என்றால் சுணையில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு நல்ல மணியையும் தூக்கிவிடும். "கைய உட்டு நல்லாக் கலக்கோணுங்க, இல்லாட்டி நல்ல நெல்லும் மெதக்கும்" என்றார் வாளியருகே குனிந்திருந்த அம்மா. முழங்கை வரை உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. விரலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு இந்த வேலை வேறொருவர் கைக்குப் போய்விடுமாம்.

உப்பு விதையைக் கெடுக்கும் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. நெடுநேரம் ஊறினால் முளை பாதிக்கும். அதனால் அரித்த கையோடு நெல்லைக் கூடைக்கு மாற்றி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுகிறார்கள். மூன்றாவது அலசலுக்குப் பிறகு அந்த அம்மா ஒரு மணியை நாக்கில் வைத்துப் பார்த்தார், கரிக்கவில்லை. வாளியில் இறங்கிய மட்டத்துக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். ஊற்றினால் உப்பு நீர்க்கும். முட்டை மறுபடி உள்ளே போனது. அடியைத் தொட்டுவிட்டு, பாதி வழியில் தயங்கி நின்றது. இன்னும் ஒரு பிடி உப்பு விழுந்தது.