அப்பா கோத்த எழுத்துகள்

என் அப்பா கம்பாசிட்டர். கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் ஈய எழுத்துகளைக் கோத்தே எங்களை வளர்த்தார். அவர் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. பழைய புத்தகம் எதையாவது பிரித்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு முன் அதைக் கோத்த கைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அந்த வேலையை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் தெரியும். எதிரே சாய்த்து வைத்த கேஸில் சின்னச் சின்ன அறைகள். அறைக்கு ஓர் எழுத்து. இடது கையில், எழுத்துகளை வரியாக அடுக்கும் ஸ்டிக். வலது கை எழுத்தை எடுக்கும்போதே விரல் அதன் உடம்பில் உள்ள பள்ளத்தைத் தடவி, எந்தப் பக்கம் மேல் என்று கண்டுகொள்ளும். எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் நிற்கும். அப்பா அதைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பார். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்க, கை தானாக ‘ம்’ இருக்கும் அறைக்குப் போய்வரும். ஒரு புத்தகம் முழுக்கக் கோத்து வைக்கும் அளவுக்கு அந்த அச்சகத்தில் எழுத்து கிடையாது. எட்டுப் பக்கம் கோத்து, புரூஃப் திருத்தி, அச்சடித்து, அத்தனை எழுத்தையும் பிரித்து அதனதன் அறையில் போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கம். பிரிக்கும்போது ஓர் எழுத்து அறை மாறி விழுந்தால், வேறு யாருடைய புத்தகத்திலோ அது பிழையாக வந்து நிற்கும். “கோக்கும்போது இருக்கிற கவனம் பிரிக்கும்போதும் இருக்கணும்டா” என்பார்.

பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் தமிழக அரசு ஏற்றது. தும்பிக்கை வைத்த பழைய லை, னை எல்லாம் தனித்தனி அச்சுகள். அவை போனதும் கேஸில் அறைகள் குறைந்தன. அப்பாவுக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் சொந்தக் கையெழுத்தில் கடைசிவரை பழைய வடிவத்தையே எழுதினார். நான் சென்னையில் படித்தபோது அவர் போட்ட இன்லேண்டு கடிதம் ஒவ்வொன்றும் ‘கவலைப்படாதே’ என்றுதான் முடியும். அந்த ‘லை’யில் தும்பிக்கை இருக்கும். கடிதங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

கருமாதிப் பத்திரிகை என்றால் ராத்திரியில்கூட வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கை கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவார். கோத்து முடித்து, இறந்தவர் பெயரை மட்டும் இரண்டு முறை வாய்விட்டுப் படிப்பார். ஏன் என்று ஒரு முறை கேட்டேன். “கல்யாணப் பத்திரிகையில தப்பு வந்தா அவங்களே வந்து சண்டை போடுவாங்க. இதுல பேரு போட்டிருக்கிற ஆளு வர மாட்டாரு. நாமதான் பார்க்கணும்” என்றார். அவருடைய கருமாதிப் பத்திரிகை கணினியில் கால் மணி நேரத்தில் தயாராகிவிட்டது. புரூஃபை வாங்கி, அவர் பெயரை நானும் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். பிழை இல்லை.

தமிழறிஞர் ம.பொ.சி.யும் அச்சுக் கோத்தவர்தான் என்று அப்பா அடிக்கடி சொல்வார். அதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்காருவார். தொழிலில் அவருக்கு அத்தனை பெருமை. ஆனால் அவர் கோத்த எந்தப் புத்தகத்திலும் அவர் பெயர் இல்லை. எழுதியவர் பெயர் இருக்கும், பதிப்பகத்தின் பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். கோத்தவர் பெயரைப் போடும் வழக்கம் இருந்ததே இல்லை. இது நியாயமில்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் 1980க்கு முன் வந்த தமிழ்ப் புத்தகங்கள் இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் நாளெல்லாம் நின்றபடி, எழுத்தெழுத்தாக எடுத்துக் கோத்தவை.