வேதமும் அல்ல, வெற்றுத்தாளும் அல்ல!

ஞாயிறுதோறும் மாலையில் நம் ஊர்ப் படிப்பகத்திலே பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் கூடுகிறார்கள். அவர்களுக்கு இந்திய அரசியல் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை நாம் ஏற்றோம். செய்தி கேட்ட ஆசிரியர் ஒருவர், "முகப்புரையைச் சொல்லுங்கள், போதும். சச்சரவுள்ள பிரிவுகள் பிள்ளைகளுக்கு எதற்கு? தேர்விலே வராது!" என்றார். தேர்விலே வராதது தெருவிலே வருகிறதே, என் செய்வது?

முதல் நாளே நாம் சறுக்கினோம், மறைக்கவில்லை. மேடைப் பழக்கம் எளிதில் விடுமா? 17-ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு முழங்கினோம். "தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்கிறது சட்டம், சாதி ஒழிக்கப்பட்டது என்று சொன்னதா? கிளையை வெட்டினார்கள், வேரை விட்டார்கள்!" கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையிலிருந்த பெண் ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை.

"ஐயா, தீண்டாமை என்றால் இன்னது என்று சட்டத்திலே எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள்.

புரட்டினோம். எங்கும் இல்லை!

"ஏன் கேட்கிறாய், அம்மா?"

"தேநீர்க் கடையிலே எங்கள் தெருவாருக்குத் தனிக் குவளை. தீண்டாமையா என்றால், இல்லை, வழக்கம் என்கிறார் கடைக்காரர்."

நம் முழக்கம் அவள் கேள்விக்கு முன் வாடிப்போயிற்று. தலைகுனிந்து வீடு திரும்பி, நூலைத் தேடினோம். 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டமும் அந்தச் சொல்லுக்குப் பொருள் கூறவில்லை. ஆனால் அதன் 4-ஆம் பிரிவு, உணவு விடுதியில் பொதுவுக்கு வைத்த பாத்திரங்களைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்கு மறுப்பது குற்றம் என்கிறது. மறுவாரம் அதைப் படித்துக் காட்டினோம். அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அன்றிலிருந்து முறையை மாற்றினோம்: முதலில் பிரிவைப் படிப்பது, பிறகு இரு பக்க வாதங்களையும் கேட்பது, கைதட்டல் அறவே இல்லை!

15-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு வந்தபோது தம்பி ஒருவன் எழுந்தான். "பிறப்பைப் பார்த்து இடம் ஒதுக்குவது சமத்துவமா?" என்றான். "உட்கார்!" என்று கூவினர் மற்றவர்கள். நமக்கும் நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டோம். கேள்வியைக் கூச்சலால் அடக்குவது புரோகிதனின் வேலையல்லவா?

29-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவை அவனையே படிக்கச் சொன்னோம். அதைக் காட்டித்தான் சென்னை மாநிலத்தின் வகுப்புவாரி ஆணையை உயர்நீதிமன்றம் 1950-இலும், உச்சநீதிமன்றம் 1951 ஏப்ரலிலும் செல்லாதென்றன. பிறகு அந்த ஆணையின் கணக்கைக் கரும்பலகையில் எழுதினோம்: 14 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்டோருக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆதித்திராவிடருக்கு 2, கிறித்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. எவருக்கும் வாயில் அடைபடவில்லை. ஒருவரே எல்லா இருக்கையிலும் அமர்வதுதான் தடைபட்டது. தமிழகம் கொதித்தெழுந்தது, 1951 ஜூனில் முதல் திருத்தம் பிறந்தது. தம்பி முற்றிலும் ஒப்பவில்லை. "அந்தத் தீர்ப்பைப் படிக்கத் தாருங்கள்" என்றான். அதைவிட நமக்கு வேறு வெற்றி வேண்டுமா?

தோழர்களே, எண்ணிப் பாருங்கள்! வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கரே, இதை எரிக்கவும் தயார் என்று 1953-இல் மாநிலங்களவையில் சினந்தார். சாதிக்குக் காவல் நிற்கும் பிரிவுகள் என்று சொல்லி, 1957 நவம்பர் 26-இல் அதைக் கொளுத்திச் சிறை புகுந்தோர் ஆயிரக்கணக்கானோர். நூறு முறைக்கு மேல் திருத்தப்பட்ட ஏடு இது. வேதத்துக்குத் திருத்தம் உண்டோ? அதே ஏட்டைத்தான் ஏழைப்பெண் ஒருத்தி கடைக்காரரிடம் எடுத்துக்காட்டுகிறாள். வெற்றுத்தாளுக்கு அந்த வலிமை உண்டோ? அறிவியல் மனப்பான்மையும் ஆராயும் உணர்வும் குடிமக்களின் கடமை என்று 1976-இல் சேர்ந்த 51-அ பிரிவு கூறுகிறது. அந்த ஆராய்ச்சி அந்த ஏட்டிலிருந்தே தொடங்கட்டும்!

குவளை மாறிற்றா என்பீர்கள். இன்னும் இல்லை. ஆனால் "வழக்கம்" என்ற சொல்லைக் கடைக்காரர் இப்போது தயங்கித் தயங்கிச் சொல்கிறாராம். வரும் ஞாயிறு மாலை, வகுப்பு முடிந்ததும், பிள்ளைகள் அனைவரும் அந்தக் கடைக்குத் தேநீர் அருந்தப் போகிறார்கள். நாமும் உடன் போகிறோம்.