பொறுமைக்காரர் பந்தயத்தை ஏற்றினால்...

குடும்பப் பத்திரிகையில் சீட்டாட்டமா என்று முகம் சுளிக்கும் தாய்மார்கள் இருப்பார்கள். அது நியாயந்தான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாததல்ல. அந்தக் காலத்தில் சம்பள நாள் இரவு மூணு சீட்டில் போன வெள்ளியோடு எத்தனை பிள்ளைகளின் பள்ளிச் சப்பாத்தும் சேர்ந்து போயிருக்கும்! ஆகவே, யாரையும் ஆடச் சொல்லி இதை எழுதவில்லை. ஆட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஒரு கணக்கைச் சொல்லவே எழுதுகிறேன்.

நான் பல வருடங்கள் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். எங்கள் கப்பல் அமெரிக்காவின் ஹூஸ்டன் துறைமுகத்துக்கு அடிக்கடி போகும். அது டெக்சஸ் மாநிலம். ‘டெக்சஸ் ஹோல்டம்’ என்னும் போக்கர் ஆட்டம் பிறந்த மண். அங்குள்ள ராப்ஸ்டவுன் என்ற சிற்றூர்தான் இந்த ஆட்டத்தின் பிறப்பிடம் என்று 2007இல் டெக்சஸ் சட்டமன்றமே தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டது. துறைமுகத்தில் கற்றுக்கொண்டு வந்தவர்கள் கப்பலிலும் ஆடினார்கள்.

ஆட்டம் எளிதுதான். ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் கண்ணில் படாமல். பிறகு நடுவில் முதலில் மூன்றும், அடுத்து ஒன்றும், கடைசியாக ஒன்றுமாக ஐந்து பொதுச் சீட்டுகளைத் திறப்பார்கள். இந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்த்தவருக்கு வெற்றி. நடுச்சீட்டு திறக்கும் முன்பே முதல் பந்தயம் நடக்கும். ஒருவர் பந்தயத்தை ஏற்றினால், மற்றவர் ஒத்துப் போடலாம், இன்னும் ஏற்றலாம், அல்லது சீட்டைக் கீழே போட்டு விலகலாம். வம்பெல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

எங்கள் சாரங்கு தூத்துக்குடிக்காரர். “அண்ணே” என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவரிடம் ஆடுவதென்றால் தீக்குச்சி வைத்துத்தான் ஆடவேண்டும், காசுக்கு இடமில்லை. கீழ்த்தளத்தில் சிலர் காசு வைத்து ஆடுவார்கள். அங்கே பேராக் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவனும் போய் உட்காருவான். நல்ல பையன், கொஞ்சம் அவசரக்காரன். அக்காள் கல்யாணத்துக்காக இரண்டு மாதச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பாமல் கையில் சேர்த்து வைத்திருந்தான்.

அவனுக்கு எதிரே உட்கார்ந்தவர் இயந்திர அறையில் எண்ணெய் போடும் பிலிப்பீன்காரர். மகா பொறுமைசாலி. மணிக்கணக்கில் சீட்டைப் பார்ப்பதும் கீழே போடுவதுமாகவே இருப்பார். அன்றிரவு அவர் திடீரென்று பந்தயத்தை ஏற்றினார். பையன் கையில் ஆர்ட்டின் ஏஸும் ராணியும். அழகான சீட்டு! உடனே ஒத்துப் போட்டான். நடுச்சீட்டு மூன்றையும் திறந்தபோது அதிலே ஓர் ஏஸ்! பையன் முகம் மலர்ந்துவிட்டது. இருந்த பணம் முழுவதையும் நகர்த்தினான். எண்ணெய்க்காரர் சற்றும் அலட்டிக்கொள்ளாமல் தம் சீட்டைத் திருப்பினார். ஏஸும் ராஜாவும். இருவருக்கும் ஏஸ் ஜோடிதான். ஆனால் பக்கத்துச் சீட்டில் ராணியைவிட ராஜா பெரியது. கடைசி இரண்டு சீட்டும் பையனுக்கு உதவவில்லை. தையில் நடக்கவேண்டிய கல்யாணம் வைகாசிக்குப் போனது.

சாரங்கு அவனைத் திட்டவில்லை. மறுநாள் சமையல்கட்டு மேசையில் ஒரு சீட்டுக்கட்டையும் தீப்பெட்டியையும் வைத்தார். “தம்பி, உன் சீட்டு நல்ல சீட்டுதான். ஆனா யாருக்கு எதிரே நல்ல சீட்டு? அதைப் பார்க்கணும்” என்றார்.

பிறகு கணக்கைப் பிரித்துக் காட்டினார். 52 சீட்டில் இரண்டிரண்டாக 1,326 விதமான கைகள் அமையலாம். பொறுமைக்காரர் ஏற்றுவது ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, ஏஸ்-ராஜா என்ற நாலு வகைக்கு மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஜோடியும் 6 விதமாக வரும். ஏஸ்-ராஜா 16 விதமாக வரும். மொத்தம் 34. அதாவது, சராசரியாக 39 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் அவர் வாய் திறப்பார்!

இப்போது பையனின் ஏஸ்-ராணியை எடுத்து ஓரமாக வையுங்கள். மீதிச் சீட்டில் எதிராளிக்கு ஏஸ் ஜோடி 3 விதம், ராஜா ஜோடி 6, ராணி ஜோடி 3, ஏஸ்-ராஜா 12. ஆக 24. இந்த 24இல் பையனைவிடத் தாழ்ந்த கை ஒன்றுகூட இல்லை. ஏஸ்-ராஜாவிடம் மாட்டினால் ஏறக்குறைய நாலில் ஒரு தடவைதான் தப்பலாம். சாரங்கு 24 தீக்குச்சிகளையும் வரிசையாக அடுக்கினார். பையன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்போ அவர் ஏத்தினா எப்பவும் விலகணுமாண்ணே?” என்று கேட்டான்.

இல்லை. கையில் ராஜா ஜோடி இருந்தால் எதிராளியின் கை 21 விதம்; நம்மை மிஞ்சுவது ஏஸ் ஜோடி 6 மட்டுமே. தைரியமாகத் திருப்பி ஏற்றலாம். ராணி ஜோடி இருந்தால் 29 விதம். அதில் 12 நம்மை மிஞ்சும். அவற்றிடம் ஐந்தில் ஒரு தடவைதான் வெல்லலாம். ஏஸ்-ராஜா 16க்கு எதிரே நமக்கு நூற்றுக்கு 55 போலச் சாதகம். ஆகவே ஒத்துப் போட்டு நடுச்சீட்டைப் பார்க்கலாம், பெட்டியையே கவிழ்க்கக்கூடாது.

வேடிக்கை என்னவென்றால், பார்வைக்கு எளிய ஐந்து ஜோடி, ஆறு ஜோடி சில வேளை ஏஸ்-ராணியைவிட மேல். முதல் மூன்று நடுச்சீட்டில் அதன் இனம் வந்து மூன்றாவது எட்டரை தடவைக்கு ஒரு தடவை. வந்தால் எதிராளியின் ஏஸ் ஜோடியும் தோற்கலாம். வராவிட்டால் சிறு தொகையோடு விலகிவிடலாம். ஆனால் முதல் பந்தயம் மலிவாகவும், இருவரிடமும் பின்னால் நிறையப் பணமும் இருக்கவேண்டும். ஏஸ்-ராணிக்கோ, ஏஸ் வந்தாலும் ஆபத்து, வராவிட்டாலும் ஆபத்து.

டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்ற அமெரிக்கப் போக்கர் ஆசிரியரும் இதையே விதியாக எழுதியிருக்கிறார். நாமே முதலில் ஏற்றப் போதுமான சீட்டு, இன்னொருவர் ஏற்றிய பிறகு போதாது. அதைவிட உயர்ந்தது வேண்டும். ஏற்றுகிறவர் தம் பலத்தைச் சொல்லிவிட்டார். யார் சொன்னார் என்பதை வைத்து அதன் எடையைப் பார்க்கவேண்டும். எல்லா ஆட்டத்திலும் ஏற்றுகிற சத்தக்காரரின் பேச்சுக்கும், 39இல் ஒரு தடவை பேசுகிறவரின் பேச்சுக்கும் ஒரே விலை இல்லை. அதைக் கண்டுகொள்ள, நாம் ஆடாத வேளையிலும் கண் விழித்துக் கவனிக்கவேண்டும்.

அந்தப் பையன் பிறகு கீழ்த்தளத்துக்குப் போகவில்லை. மாதா மாதம் சம்பளம் ஒழுங்காக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

வாசக நேயர்களே, நம் நாட்டில் சூதாட்ட விடுதிகளை 1953ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும் நம் சம்பளம் தாங்காது. பிள்ளைகள் கணக்குப் படிக்க ஆசைப்பட்டால் ஒரு சீட்டுக்கட்டும் ஒரு படி புளியங்கொட்டையும் போதும். “என் கையில் நல்லது இருக்கிறதா?” என்பதோடு நிற்காமல், “எதிரே இருப்பவரிடம் என்ன இருக்கும்?” என்று கேட்கப் பழகட்டும். வட்டிக்கடைக்காரரிடமோ நிலத் தரகரிடமோ கையெழுத்துப் போடும் நாளில் அந்தப் பழக்கம் அவர்களுக்குக் கைகொடுக்கும்.