விழித்திருந்த இரவு



தென் கொல்கத்தாவில் 1952-ஆம் ஆண்டு தொடங்கிய டோவர் லேன் இசை மாநாடு, ஜனவரி மாதக் குளிரில் இரவு முழுவதும் நடைபெறுவது. ரவிசங்கர் சிதார் வாசித்த, பீம்சேன் ஜோஷி பாடிய மேடை அது. நம் சபை வாலிபர் ஒருவர் அதன் ரசிகர். முழு இரவு ஜெபத்திலோ பதினொரு மணிக்கே உறங்கிவிடுபவர். அவரைக் கண்டிக்கும் எண்ணத்தோடே, ஒருமுறை அவருடன் நஸ்ருல் மஞ்ச் அரங்கிற்குச் சென்றேன்.

இரண்டு மணிக்கு என் கண்கள் செருகின. பக்கத்தில் சால்வை போர்த்திய வங்காள முதியவரோ, விரலால் தாளமிட்டபடி விழித்திருந்தார். விடியற்கால ராகம் தொடங்கியபோது அவர் கண்கள் நிறைந்தன. வாலிபரும் உறங்கவில்லை.

வெளியே வந்து மண்குவளையில் தேநீர் அருந்துகையில், சொல்ல வைத்திருந்த கண்டனம் என் வாயில் வரவில்லை. நேசிக்கிறவனுக்கு இரவு நீளமாவதில்லை. பவுலும் சீலாவும் சிறைச்சாலையில் நடு இரவில் பாடியதும் நேசத்தினாலன்றோ? குற்றம் உறங்கினவருடையதா, உறக்கம் வரும்படி ஜெபத்தை நடத்திய என்னுடையதா?

அடுத்த முழு இரவு ஜெபத்தில் என் பிரசங்கத்தைக் குறைத்து, துதி ஆராதனையை அவரிடம் ஒப்படைத்தேன். விடியுமட்டும் அவர் உறங்கவில்லை, நானும் உறங்கவில்லை. கர்த்தருக்கே மகிமை உண்டாவதாக.