காந்தம் இருந்தால் போதாது, மாற வேண்டும்

எக்ஸ்ரே எடுப்பது பட்டன் அமுக்குகிற வேலை என்று எங்கள் தொழிலைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த காலமெல்லாம் அதைக் கேட்டிருக்கிறேன். பணி ஓய்வு அன்று நடந்த பாராட்டுக் கூட்டத்தில்கூட மேடையிலிருந்த ஓர் அதிகாரி, நல்லெண்ணத்தோடுதான், "இத்தனை வருஷம் பட்டன் அமுக்கிக் களைச்சுப் போயிருப்பீங்க, இனி நிம்மதியா இருங்க" என்றார். வெளியாள் பேச்சு என்று அதை விட்டுவிட்டேன். ஆனால் இப்போது ஒரு பாராமெடிக்கல் கல்லூரிக்கு வகுப்பெடுக்கப் போகிறேன். அங்கே ரேடியோகிராஃபி படிக்கிற பிள்ளைகளே கேட்கிறார்கள்: "மெஷினே எல்லாத்தையும் பார்த்துக்குதே சார், எங்களுக்கு எதுக்கு ஃபாரடே?" இதை விட்டுவிட முடியவில்லை.

எங்கள் அறையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் ஒரே விதியின்மேல் நிற்கிறது. கம்பியில் மின்சாரம் ஓடினால் பக்கத்திலிருக்கும் திசைகாட்டி முள் அசைகிறது என்பதை 1820-ல் ஓர்ஸ்டெட் கண்டார். அதைத் திருப்பிப்போட்டு, காந்தத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்க ஃபாரடேக்கு 1831 வரை ஆயிற்று. நடுவில் அத்தனை வருஷம் போனதற்குக் காரணம், காந்தத்தைக் கம்பிச்சுருளின் பக்கத்தில் சும்மா வைத்தால் எதுவுமே நடக்காது என்பதுதான். காந்தப்புலம் கூட வேண்டும், அல்லது குறைய வேண்டும், அல்லது திசை மாற வேண்டும். மாறிக்கொண்டிருக்கும் வரைதான் மின்சாரம்.

இந்த 'மாற வேண்டும்' என்பதை எங்களுக்குள் இறக்கியவர், சி.ஆர்.ஏ. என்ற எக்ஸ்ரே படிப்பு படித்தபோது இயற்பியல் எடுத்த வாத்தியார். 1934-ல் தொடங்கிய சென்னை பார்னார்டு இன்ஸ்டிட்யூட்டில் பயிற்சி பெற்றவர். அதை ஒரு பட்டம்போலச் சொல்லிக்கொள்வார். கையில் புத்தகம் இல்லாமல்தான் வகுப்புக்கு வருவார். ஒரு நாள், கண்டம் ஆன (இனி உதவாது என்று கழித்துவிட்ட) மெஷினிலிருந்து கழற்றிய ஃபிலமென்ட் டிரான்ஸ்ஃபார்மரையும், இரண்டு டார்ச் பேட்டரியையும், ஒரு கால்வனோமீட்டரையும் மேசையில் வைத்தார். செகண்டரியின் இரண்டு முனைகளிலும் கால்வனோமீட்டரை இணைத்துவிட்டு, பிரைமரியில் பேட்டரி ஒயரைத் தொட வைத்தார். முள் ஒரு குதி குதித்து, ஆடி, பூஜ்யத்தில் வந்து நின்றுவிட்டது. ஒயரை எடுக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"இப்ப பிரைமரியில கரண்ட் ஓடுதா?"

"ஓடுது சார்."

"இரும்புல காந்தம் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப அந்தப் பக்கம் முள்ளு ஏன்யா செத்துக் கிடக்கு?"

யாரும் வாய் திறக்கவில்லை. ஒயரைச் சட்டென்று எடுத்தார். முள் எதிர்ப்பக்கம் குதித்தது. "பேட்டரிய எடுத்தப்புறம் கரண்ட் எங்கிருந்து வந்துச்சு? அதுவும் ஏன் எதிர்ப்பக்கம்?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் வகுப்பை முடித்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வகுப்பிலும் அதே கேள்வி, அதற்கடுத்த வகுப்பிலும் அதே கேள்வி. பாடத்திட்டத்தில் மற்றதெல்லாம் காத்துக் கிடந்தது. அவர் நகரவில்லை. காந்தம் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும்தான் மின்சாரம் பிறக்கிறது, பிறந்த மின்சாரம் தன்னைப் பிறப்பித்த மாற்றத்தை எதிர்த்தே நிற்கிறது என்று எங்களில் ஒருவன் சொந்த வாயால் சொன்ன பிறகுதான் அந்த விதிக்குரிய லென்ஸ் என்பவரின் பெயரைக் கரும்பலகையில் எழுதினார்.

பரீட்சைத் தாளில் "காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும்" என்று எழுதினால் அந்தக் கேள்விக்கு மதிப்பெண்ணே கிடையாது. 'மாறும்' என்ற சொல் இல்லாவிட்டால் அந்த வாக்கியம் பொய் என்பார். சைக்கிள் டைனமோவைக் காட்டுவார்: மிதிப்பதை நிறுத்தினால் உள்ளே காந்தம் எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை, விளக்கு மட்டும் ஏன் அணைகிறது? 1895-ல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டபோது குழாய்க்கு உயர் மின்னழுத்தம் கொடுத்ததும் ஓர் இண்டக்ஷன் காயில்தான். அதில் போகிற மின்சாரத்தை ஒரு கருவி இடைவிடாமல் அறுத்து அறுத்து விடும். ஏன் அறுக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார். அதற்குள் எங்களுக்கே பதில் தெரிந்திருக்கும்.

அவரைப்போல இன்னொருவரை நான் பார்த்ததில்லை. ஒரே கேள்வியோடு வாரக்கணக்கில் நிற்கும் துணிச்சல் இன்று எந்த ஆசிரியருக்கும் இல்லை. நிற்க விடவும் மாட்டார்கள்.

அந்த ஒரு கேள்வி வேலையில் எங்கெல்லாம் கைகொடுத்தது என்பதைச் சொல்ல வேண்டும். சுவரிலிருந்து வருவது 230 வோல்ட். குழாய்க்கு வேண்டியது 70,000, 80,000 வோல்ட். செகண்டரியில் பிரைமரியைப்போல 500 மடங்கு, 1000 மடங்கு சுற்று வைத்து அதைத் தூக்குகிறோம். ஏ.சி. என்பதால் தூக்க முடிகிறது. அதே பிரைமரிக்கு டி.சி. கொடுத்தால் அந்தப் பக்கம் ஒன்றும் வராது, இந்தப் பக்கம் சுருள் கருகும். எதிர்த்து நிற்க மாற்றம் இல்லையே.

பழைய மெஷின்களில் கன்சோலின் ஓரத்தில் லைன் வோல்டேஜ் குமிழ் ஒன்று இருக்கும். எக்ஸ்போஷர் கொடுக்கும் முன் முள்ளைச் சிவப்புக் கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். சாயங்காலம் ஊரில் பம்ப்செட்டெல்லாம் ஓடும் நேரம் 230 என்பது 200 ஆகிவிடும். டிரான்ஸ்ஃபார்மருக்கு விகிதம் மட்டும்தான் தெரியும். உள்ளே குறைந்தால் வெளியேயும் அதே கணக்கில் குறையும். 70 கே.வி. (70,000 வோல்ட்) என்று நாம் வைத்தது குழாயில் 61 ஆகத்தான் போய்ச் சேரும். கே.வி.யில் 15 விழுக்காடு ஏறினால் எம்.ஏ.எஸ்.ஸை (குழாயில் ஓடும் மின்சாரத்தை நேரத்தால் பெருக்கியது) இரட்டிப்பாக்கியதற்குச் சமம் என்பது எங்கள் கைக்கணக்கு; இறங்கினால் அதே கணக்கு தலைகீழ். வயிற்றுப் படம் வெளுத்துப்போய் வரும். டெவலப்பர் சரியில்லை என்று டார்க் ரூம் ஆளைத் திட்டுவார்கள். விஷயம் தெரிந்தவர் குமிழைத் திருப்புவார்.

ஸ்பின்னிங் டாப் என்று ஒரு சின்னக் கருவி இருந்தது. ஓரத்தில் ஒரு துளை போட்ட உலோகத் தட்டு, நடுவில் ஓர் அச்சு, அவ்வளவுதான். கேசட்டின்மேல் வைத்துக் கையால் சுற்றிவிட்டு 0.1 நொடி எக்ஸ்போஷர் கொடுப்போம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஃபுல் வேவ் மெஷினில் சுற்றுக்கு இரண்டு துடிப்பு; ஆகவே பிலிமில் 10 கரும்புள்ளி விழ வேண்டும். 5 புள்ளி விழுந்தால் ஒரு பக்க ரெக்டிஃபையர் போய்விட்டது என்று அர்த்தம். 12 விழுந்தால் டைமர் தவறு. இன்ஜினியர் சென்னையிலிருந்து வருவதற்குள் கோளாறு எங்கே என்று நாங்கள் போனில் சொல்லிவிடுவோம். வந்தவர் சந்தேகத்தோடு திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பாகத்தை மாற்றுவார்.

குழாய்க்குள் சுழலும் ஆனோடு இன்னொரு அதிசயம். எலக்ட்ரான்கள் கொண்டுவரும் ஆற்றலில் 1 விழுக்காடுகூட எக்ஸ் கதிராக ஆவதில்லை. மீதி அத்தனையும் சூடு. ஒரே இடத்தில் விழுந்தால் டங்ஸ்டனே உருகும். அதனால் தட்டு சுழல்கிறது. ஆனால் அது இருப்பது வெற்றிடத்தில். அதைச் சுழற்ற உள்ளே ஒரு ஒயர்கூடப் போகவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஸ்டேட்டர் சுருள்கள் காந்தப்புலத்தைச் சுழற்றுகின்றன. அது உள்ளே இருக்கும் செப்பு ரோட்டரில் மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. அந்த மின்சாரம் ரோட்டரைப் புலத்தின் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. புலம் நிமிடத்துக்கு 3000 சுற்று, ரோட்டர் 2800 சொச்சம். ஏன் எட்டிப் பிடிக்கவில்லை? பிடித்துவிட்டால் ரோட்டரைப் பொறுத்தவரை புலம் மாறாது. மாறாவிட்டால் மின்சாரம் இல்லை, விசையும் இல்லை. இதை வகுப்பில் கேட்டால் இன்று "உராய்வு சார்" என்கிறார்கள்.

பட்டனின் முதல் அழுத்தத்தில் ரோட்டர் எழும் ஓசையைக் காதால் கேட்டுத்தான் இரண்டாம் அழுத்தம் கொடுப்போம். எக்ஸ்போஷர் முடிந்ததும் அது அடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கேட்போம். சீக்கிரம் அடங்கினாலும் கரகரத்தாலும் பேரிங் தேய்கிறது. இப்போது முதல் அழுத்தத்திலேயே விரலை வைத்துக்கொண்டு, நோயாளியிடம் "மூச்சை இழுங்க, பிடிங்க" என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரமெல்லாம் ஃபிலமென்ட் முழுச் சூட்டில் எரிந்து தேய்கிறது. பல லட்ச ரூபாய் குழாய் அது.

இன்றைய ஹை ஃப்ரீக்வென்சி மெஷினைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது நல்ல மெஷின். பீரோ அளவு எண்ணெய்த் தொட்டி இருந்த இடத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்துவிட்டது. எப்படிச் சுருங்கியது? நொடிக்கு 50 முறை மாறியதை ஆயிரக்கணக்கான முறை மாற வைத்தார்கள். மாற்றம் வேகமானால் குறைந்த இரும்பும் குறைந்த சுற்றும் போதும். ஃபாரடேயின் விதி அப்படியே இருக்கிறது, வேகம்தான் கூடியிருக்கிறது. "மெஷினே பார்த்துக்குது" என்கிற பிள்ளை, எது பார்த்துக்கொள்கிறது என்று ஒரு நாளாவது கேட்க வேண்டாமா?

எக்ஸ்ரே அறையில் இந்த அறியாமைக்கு விலை ஒரு பிலிம், மிஞ்சினால் ஒரு குழாய். எம்.ஆர்.ஐ. அறையில் விலை மனித உயிர். அங்கிருக்கும் காந்தத்தின் புலம் 1.5 டெஸ்லா என்றால், அது தமிழ்நாட்டில் நம் காலடியில் இருக்கும் பூமியின் காந்தப்புலத்தைப்போல 35,000 மடங்குக்கும் மேல். திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் கிடக்கும் அந்தக் காந்தத்தின் சுருளில் மின்சாரம் ஒருமுறை ஏற்றிவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் ஓடினாலும் ஓடாவிட்டாலும், கரண்ட் போனாலும், ஞாயிற்றுக்கிழமையும் காந்தம் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், உறவினருக்காக ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன ஓர் இளைஞர் இறந்தார். மெஷின் ஆஃப் ஆகியிருக்கிறது என்று அவரிடம் சொல்லப்பட்டதாகச் செய்திகள் வந்தன.

மெஷினின் நடுவில் புலம் ஒரே சீராக இருக்கும். அங்கே இரும்பைத் திருப்பத்தான் பார்க்கும், இழுக்காது. இழுப்பு கடுமையாக இருப்பது மேக்னட்டின் வாய்ப் பக்கம், புலம் அடிக்கு அடி ஏறும் இடத்தில். தள்ளி நிற்கும்போது கையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அடுத்த எட்டில் சிலிண்டர் கையை விட்டுப் போய்விடும். 'கவனமாகப் பிடித்துக்கொள்வேன்' என்கிறவரை உள்ளே விடாதிருக்க இந்த அறிவு வேண்டும்.

இரும்பே இல்லாமலும் ஆபத்து வரும். 1.5 டெஸ்லாவில் நாம் அனுப்பும் ரேடியோ அலை நொடிக்கு ஏறக்குறைய 6.4 கோடி முறை மாறுகிறது. நோயாளி இரண்டு கைகளையும் கோத்து வயிற்றின்மேல் வைத்தால் தோளிலிருந்து தோள்வரை ஒரு வளையம் ஆயிற்று. தொடையும் தொடையும் ஒட்டினால் அதுவும் வளையம். மாறும் புலத்தில் மூடிய வளையம் இருந்தால் மின்சாரம் பிறக்கும். தோல் தொடும் இடத்தில் சுடும். காயில் ஒயர் சுருண்டு கிடந்தாலும் அப்படியே. தோலும் தோலும் தொடும் இடத்தில் நடுவில் ஒரு மடித்த துணி போதும். பாதுகாப்புப் பட்டியலைப் பார்த்துத் துணி வைக்கிறவர், பட்டியலில் இல்லாத ஒரு நிலையில் நோயாளி படுத்தால் தடுமாறுவார். காரணம் தெரிந்தவர் தடுமாற மாட்டார். இத்தனைக்கும் திரையில் தெரிகிற படமே, உடம்பிலுள்ள ஹைட்ரஜன் கருக்களின் காந்தம் சுழன்று காயிலில் பிறப்பித்த மின்சாரம்தான்.

இதையெல்லாம் இரண்டு மதிப்பெண் கேள்வியாக்கி, ஒரு பக்க நோட்ஸில் அடக்கி, போனில் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். நான் போகும் கல்லூரியில் ஒரு கால்வனோமீட்டர் கிடையாது. கேட்டதற்கு, "சிமுலேஷன் இருக்கு சார்" என்றார்கள். திரையில் குதிக்கிற முள் யாரையும் திகைக்க வைப்பதில்லை. திகைக்காதவன் கேள்வி கேட்பதில்லை. படிப்பு முடித்து வருகிற பிள்ளைகளுக்குத் தனியார் ஸ்கேன் சென்டர்கள் கொடுக்கும் சம்பளத்தைப் பார்த்தால், இவர்களிடம் அதிகம் எதிர்பார்க்கவும் மனம் வருவதில்லை. தொழிலுக்கு மதிப்புக் கொடுக்காத இடத்தில் தொழிலறிவு தங்காது.

கல்லூரி நடத்துகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது: ஒரு கண்டம் ஆன மெஷினை வாங்கிப் போடுங்கள், பிள்ளைகள் அதைப் பிரித்துப் பார்க்கட்டும். மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கு ஒன்று: ஸ்கேன் ஓடாதபோதும் காந்தம் ஏன் இருக்கிறது, கோத்த கை ஏன் சுடும் என்ற இரண்டு கேள்விக்கும் சொந்த வார்த்தையில் பதில் சொல்லத் தெரியாத எவரையும், எந்தச் சான்றிதழ் வைத்திருந்தாலும், எம்.ஆர்.ஐ. கன்சோலில் தனியாக உட்கார வைக்காதீர்கள்.