மூச்சுக்கணக்கு

செப்டம்பர் 8, 2025, திங்கள்

சென்னையில் காது மூக்கு தொண்டை டாக்டர் கேமராவைத் தொண்டைக்குள் விட்டுத் திரையில் காட்டினார். குரல்நாண் இரண்டிலும் எதிரெதிரே அரிசி நொய் மாதிரி ஒரு தடிப்பு. வாத்தியார்களுக்கும் பாடகர்களுக்கும் வருவதுதானாம். இரண்டு வாரம் பேசவே கூடாது. அதற்குப் பிறகும் ஒரு மாதம் அளந்துதான் பேச வேண்டும். “ரகசியம் பேசற மாதிரி மெதுவாப் பேசலாமா?” என்று ரகசியமாகவே கேட்டேன். அதுதான் தொண்டைக்கு இன்னும் கெடுதல் என்றார்.

ஆந்திரப் பள்ளியில் இருபத்தாறு வருஷமாகத் தமிழ் எடுக்கிறேன். வீட்டிலும் என் குரல்தான் தெருமுனை வரை கேட்கும். எங்கேயாவது கொட்டியாக வேண்டுமே, அதற்குத்தான் இந்த நோட்டு.

செப்டம்பர் 10, புதன்

பேசாத டீச்சரை வகுப்பில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எச்.எம். சார் ஒரு நாள் முழுக்க யோசித்திருக்கிறார். பி.இ.டி. சார் ஜூனில் மாற்றலாகிப் போனதிலிருந்து அந்த இடம் காலி. “கிரவுண்டுக்குப் போங்க மேடம். விசில் போதும்.” ஒரு விசிலும், பள்ளி விளையாட்டுப் போட்டிகளின் பட்டியலும் கொடுத்தார். அதில் பேஸ்பால், சாஃப்ட்பால்கூட இருக்கின்றன. பேஸ்பால் மட்டையை இந்த ஊரில் சினிமா அடியாட்கள் கையில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். எங்களிடம் இருப்பது செம்மண்ணும் ஒரு மூட்டை சுண்ணாம்பும். ஆகவே கபடி, பெண்கள் அணி.

நான் ஆடியதில்லை. அண்ணன்மார் ஆரணியாற்று மணலில் சடுகுடு ஆடும்போது அவர்கள் சட்டைகளுக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

செப்டம்பர் 11, வியாழன்

களத்தில் ஏழு பேர் நிற்க வேண்டும். வந்தது ஐந்து.

செப்டம்பர் 16, செவ்வாய்

தெலுங்கு சார் கல்லூரி நாளில் ஆடியவர். அவரே கோடு போட்டுக் கொடுத்தார். பெண்களுக்குப் பன்னிரண்டு மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம். ஒரு ரெய்டுக்கு முப்பது செகண்ட். எதிர்க்களத்தில் மூச்சு விட்டால் அவுட். நான் சிலேட்டில் குறித்துக்கொண்டேன். பிள்ளைகள் கேட்பதற்கும் அதே சிலேட்டில்தான் பதில். தமிழில் எழுதினால் மூன்று பேர் படித்து மற்றவர்களுக்குத் தெலுங்கில் சொல்கிறார்கள். நான் எழுதியது நான்கு வார்த்தை என்றால் அவர்கள் சொல்வது நாற்பது. என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்கவும் வாயில்லை.

பிராக்டிஸ் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. செயின் போடும்போது இரண்டு பேர் கையைக் கோத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள். கணுக்காலைப் பிடிக்கப் போனவள் சுடிதார் நுனியைப் பிடித்துக் கிழித்துவிட்டாள். பிறகு அரைமணி நேரம் ஊசி நூல்.

செப்டம்பர் 18

விசில் தொலைந்தது.

அக்டோபர் 6, திங்கள்

தசரா விடுமுறையில் எல்லாம் மறந்து வந்திருக்கிறார்கள். மறக்கும் அளவுக்கு என்ன இருந்தது என்பது வேறு.

இப்போது கொஞ்சம் பேசலாம். ஆள் ஏன் வருவதில்லை என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டேன். சோம்பல் என்று நினைத்திருந்தேன். நான்கு பேருடைய அம்மாக்கள் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் வேலை. அம்மாவுக்கு பி ஷிஃப்ட் என்றால், மத்தியானம் கம்பெனி பஸ் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். தம்பியைப் பார்த்துக்கொள்வதும் உலை வைப்பதும் பெண்ணின் வேலை. நான் சாயங்காலம் நாலரை என்று போட்டிருந்தேன். பாடத்திட்டம் போடுகிற மாதிரி நோட்டின் பின்பக்கத்தில் அம்மாக்களின் ஷிஃப்ட் அட்டவணை போட்டேன். பி ஷிஃப்ட் வாரம் காலை ஆறரை, மற்ற வாரம் சாயங்காலம்.

அக்டோபர் 9, வியாழன்

எங்களுக்கு இருக்கிற ஒரே ரெய்டர் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண். கால் பாம்பு மாதிரி. கோட்டைத் தாண்டியதும் யாரையாவது தொட்டுவிட்டு வந்துவிடுகிறாள். ஆனால் அவள் பாடுவது யார் காதிலும் விழுவதில்லை. “கூத வினபடலேது!” என்று தெலுங்கு சார் கத்துகிறார். அவர்களுக்குக் கூத, நமக்குப் பாட்டு. எந்தப் பெயரில் என்றாலும் நடுவர் காதில் விழாவிட்டால் பாயிண்ட் போச்சு.

எட்டாவது வரை என்னிடம் தமிழ் மீடியத்தில் படித்தவள். இந்த வருஷம் இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிட்டார்கள். அங்கே வாயே திறப்பதில்லையாம். எனக்கு அது ஆச்சரியமில்லை. அப்பா ஒரே வீட்டில் உட்கார்ந்தபடியே மாநிலம் மாறியவர். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைத் திருத்தத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நாங்கள் ஆந்திராவுக்கு வந்தோம். செங்கல்பட்டு, சித்தூர், 2022 முதல் திருப்பதி: நகராமலே மூன்று ஜில்லா பார்த்த குடும்பம். என் வகுப்பில் பெஞ்சுகள் வருஷத்துக்கு வருஷம் காலியாவதைப் பார்க்கிறேன். குரலைச் சுருட்டி வைத்துக்கொள்ள எங்கள் பிள்ளைகள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார்கள். கபடி, கபடி என்று உதடு மட்டும் அசைகிற அந்தப் பெண்ணைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது. (அது நொய்யாகவும் இருக்கலாம்.)

அக்டோபர் 22, புதன்

மழை. களம் குளமாகிவிட்டது. தவளைகள்தான் ரெய்டு போகின்றன.

அக்டோபர் 24, வெள்ளி

நேற்று பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டு. இந்தியப் பெண்கள் கபடி இறுதியில் இரானை 75–21 என்று வென்றிருக்கிறார்கள். சென்னை கண்ணகி நகர் கார்த்திகா அந்த அணியில் இருக்கிறாள். பேப்பர் படத்தை வெட்டி ஸ்டாஃப் ரூம் பீரோவில் ஒட்டினேன். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். லெஃப்ட் கார்னர்காரி கேட்டது ஒன்றுதான்: “மேட்ல ஆடினா முட்டி கிழியாதா டீச்சர்?”

அக்டோபர் 29, புதன்

மோந்தா புயல் நேற்றிரவு நரசாபுரம் பக்கம் கரையேறிவிட்டதாம். நாளை சுண்ணாம்பு போடலாமா என்று வானத்தைப் பார்க்கிறேன்.

நவம்பர் 3, திங்கள்

ஊர் முழுக்கப் பெண்கள் கிரிக்கெட் உலகக்கோப்பைப் பேச்சு. இந்திய அணியின் ஸ்ரீ சரணி கடப்பாப் பெண் என்பதால் தெலுங்கு சார் சாக்லேட் கொடுத்தார். அப்படியே நம் பிள்ளைகள் கிரிக்கெட்டுக்கு மாறிவிடப் போகிறார்கள் என்று பயமுறுத்தினார். கடுப்பாக வந்தது.

நவம்பர் 6, வியாழன்

காலை பிராக்டிஸ். பனி. அந்த ரெய்டர் பெண்ணும் நானும்தான் முதலில் வந்தோம். ஏன் சத்தமாகப் பாடுவதில்லை என்று கேட்டுவிட்டேன். பயப்படாதே, யாரும் சிரிக்க மாட்டார்கள், வாய்விட்டுப் பாடு என்று நல்ல வார்த்தைகளாகவே சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“பயமெல்லாம் இல்ல டீச்சர். சத்தமாப் பாடினா மூச்சு எங்க முடியுதுன்னு கார்னர்ல நிக்கிறவளுக்குத் தெரிஞ்சிடும். குரல் தேயறப்பதான் அவ பாய்வா. நானும் அப்படித்தான் பாய்வேன்.”

அப்போ இங்கிலீஷ் மீடியத்தில் வாய் திறக்காதது?

“அந்த சார் கேட்கிற கேள்விக்கு யாருமே திறக்கிறதில்ல டீச்சர்.”

அக்டோபர் 9 பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கிழிக்கலாமா என்று தோன்றியது. தைத்த நோட்டு, ஒரு தாளைக் கிழித்தால் எதிர்ப்பக்கத் தாளும் கழன்றுவிடும். ஷிஃப்ட் அட்டவணை அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

நவம்பர் 7

அவளுடைய தந்திரம் சரிதான். ஆனால் நடுவருக்கும் கேட்க வேண்டுமே. இதற்கு என்னிடம் வழியில்லை. தெலுங்கு சாரிடமும் இல்லை.

நவம்பர் 12, புதன்

பக்கத்து மண்டலத்துப் பள்ளியோடு பழகும் ஆட்டம். 38–19. இரண்டு முறை மொத்த அணியும் அவுட்டாகி லோனா வாங்கினோம். ஒருமுறை எங்கள் பக்கம் மூன்றே பேர் மிச்சம் இருந்தபோது அவர்களுடைய பெரிய பெண்ணை மடக்கி சூப்பர் டேக்கிள் எடுத்தோம். அப்போது பிள்ளைகள் போட்ட கூச்சலைப் பார்த்தால் நாங்கள்தான் ஜெயித்தோம் என்று நினைப்பார்கள்.

எழுத வேண்டியது வேறு. இரண்டாம் பாதியில் எங்கள் ரெய்டர் ஒரே ரெய்டில் இரண்டு பேரைத் தொட்டுக் கோட்டுக்குத் திரும்பினாள். நடுவர் கையைத் தூக்கினார். பாட்டு கேட்கவில்லை, அவுட். பெஞ்சிலிருந்த ஐந்து தலைகளும் என் பக்கம் திரும்பின. பேச எனக்கு இப்போது டாக்டரின் அனுமதி இருக்கிறது. எழுந்தேன். அவள் கடைசி வரை பாடியது எனக்குத் தெரியும். ஆனால் என் காதில் விழுந்ததா, உதட்டைப் பார்த்துப் படித்தேனா? இரண்டு மாதமாகப் பிறர் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில் இது எனக்குப் பிடிபடவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பும் ஆட்டோவில் அவள் முன்சீட்டில் இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அது கோபமா, மூச்சை மிச்சம் பிடிப்பதா என்று ஊகிக்கும் வேலையை விட்டுவிட்டேன்.

நவம்பர் 13

டாக்டருக்குப் போன் செய்தேன். அடுத்த வாரம் வந்து கேமராவில் பார்த்துவிடலாம் என்றார்.

நவம்பர் 18, செவ்வாய்

ஆறு பேர். ஏழாமவளின் அம்மாவுக்குச் சொல்லாமல் ஷிஃப்ட் மாற்றிவிட்டார்களாம். அட்டவணையில் அடித்து எழுதினேன்.

ரெய்டர் இன்று சத்தமாகப் பாடினாள், அவளாகவே. தொடக்கத்தில் எந்த சுருதியோ அதே சுருதியில், இறக்கமே இல்லாமல் இழுத்துப் பார்க்கிறாள். மூச்சு தீர்வது வெளியே தெரியக் கூடாதாம். நான் களத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ஸ்டாப்வாட்சை அழுத்தி, காதை மட்டும் கொடுத்தேன். பதினைந்து, பதினெட்டு, இருபது. ஒன்றும் பிடிபடவில்லை. இருபத்திரண்டாவது செகண்டில் ‘டி’ கொஞ்சம் மெலிந்தது. எனக்குக் கேட்டது.

லெஃப்ட் கார்னர்காரிக்கும் கேட்டிருக்கிறது. திரும்பிப் பார்ப்பதற்குள் கணுக்காலைப் பிடித்துவிட்டாள்.